இருபது டிகிரி

கிளாக்ஸ்விக் துறைமுகத்திலிருந்து ஈரச் சாக்கில் வந்தது
மூன்றாம் சிலிண்டரின் கனெக்டிங் ராட்.
"இப்பவே அளந்து சொல்லு, சுன்வா. விடிஞ்சா கடல்."
கடலின் குளிர் இரும்புக்குள் இருக்கும்வரை
என் கருவிகள் பொய் சொல்லும்.
இரு, என்றேன்.
யால்கிரிம் இருக்கவில்லை. புகைக்கப் போனான், வந்தான்,
என் காப்பியைக் குடித்தான்,
ஹீட்டர் மேல் வைத்துவிடலாமா என்றான்.

பிஸ்டன் முன்பே சொல்லிவிட்டது:
மேலே இடப்புறம் தேய்வு, கீழே வலப்புறம்.
சாய்ந்து நடப்பவனின் செருப்பு.

அதிகாலை நான்கு. அறையும் ராடும் இருபது டிகிரி.
பெரிய துளையில் தண்டு, சின்னத் துளையில் பின்.
டயலின் முள் இந்த முனையில் சுழியம்,
அந்த முனையில் தொண்ணூறு மைக்ரான்.
ஒரு தலைமயிர்.
குளிர் போயிருந்தது,
கோணல் போகவில்லை.

விளக்கைச் சாய்த்தேன்.
ராடின் இடுப்பில் வரிசையாகப் பல்தடம்,
ஐந்தாவது மட்டும் இல்லை.
என் வைஸில் ஐந்தாம் பல் உடைந்து நாலு வருஷம்.
மூடியின் போல்ட்டை இறுக்கும் அவசரத்தில்
பிடிக்கக் கூடாத இடத்தில் பிடித்திருக்கிறேன்,
என்றைக்கோ ஒரு வெள்ளிக்கிழமை.

"யார் பார்த்த வேலை இது?"
பெஞ்சில் தூங்கி எழுந்தவன் கேட்டான்.
சொன்னேன்.

வெகுநேரம் டயலையே பார்த்தான்.
பிறகு போனை எடுத்து ஒவ்வொருவராக
ஆறு பேரை எழுப்பினான், இன்று படகு போகாது.
கடைசி ஆள் ஏன் என்று கேட்டிருக்க வேண்டும்.
என்னைப் பார்க்காமல் சொன்னான்:
"இரும்பு இன்னும் குளிர்ந்துதான் கிடக்கு."