பத்து மிளகு

ஜூலை. பீட்டர்மாரிட்ஸ்பர்க்.
குழிக்குள் கிடக்கிற ஊர் என்பதால்
விறகுப் புகை எங்கும் போகாது,
வீடு வரைக்கும் கூடவே வரும்.

இரவுப் பணி முடிந்து கேட்டைத் திறக்கிறேன்.
அப்பளத்தை மிதித்தாற்போல்
நொறுங்குகிறது புல்.
வாளித் தண்ணீருக்கு ஒரு கண்ணாடி மூடி.

பன்னிரண்டு மணி நேரம்
பதினேழு பேரின் போர்வையைக்
கழுத்துவரை இழுத்துவிட்டேன்.
ஆறாம் கட்டில் மூட்லி ஆன்ட்டி
கால் சில்லிடுது என்றதும்
என் காலுறையைக் கழற்றிப் போட்டுவிட்டேன்.
தியாகமெல்லாம் இல்லை.
அலமாரியில் வேறு இருக்கவில்லை.
இப்போது என் குதிகால் வெடிப்பில்
ஐந்து சென்ட் காசு நிற்கும்.

எட்டு மணிவரை மின்வெட்டு.
கேஸ் அடுப்பு ஒற்றை வாயால் ஊதுகிறது நீலமாய்.
சுக்கு தட்டினேன். மிளகு பத்து.
பகைவன் வீட்டிலும் உண்ணலாம் என்பார்களே,
எனக்குப் பகை என்று யாருமில்லை,
இந்த மூக்கைத் தவிர.
பூண்டு உரிக்கப் பொறுமையில்லை,
தோலோடு நசுக்கிப் போட்டேன்.
புளி கூடிப்போச்சு. போகட்டும்.

ரசம் இறங்கியதும் இலை ஏறியது:
தண்டேக்கா பொட்டலம் கட்டித் தந்த
உம்ஹ்லோன்யானே.
"போர்வைக்குள்ள தலைய விடு,
யார் கூப்பிட்டாலும் வெளியே வராதே."
முகர்ந்தால் மாசிப்பத்திரி.
அதே கசப்பு, அதே சாம்பல் பச்சை,
பெயரை மட்டும் மாற்றிக்கொண்டிருக்கிறது.

ஆவியில் மூக்கு ஒழுகியது, கண்ணும்.
அழுகிறாயா என்று கேட்க ஆளில்லை,
அதனால் அதையும் சேர்த்து முடித்துவிட்டேன்.

போன். வார்டிலிருந்து.
இன்றிரவும் வர முடியுமா?
வழக்கமாய் "வரேன்" முந்திக்கொண்டு குதிக்கும்.
இன்றைக்கு வாய் நிறைய ரசம்.
விழுங்கி முடிக்கும்வரை
மறுமுனை காத்திருந்தது.
"முடியாது, சிஸ்டர்."
எதுவும் இடிந்து விழவில்லை.
ஜன்னல் கண்ணாடியில் மட்டும்
ஒரு துளி கோடு இழுத்து இறங்கியது.

இந்த நாட்டில் குளிர்கால வெயில்
வடக்கிலிருந்து சாய்ந்து வரும்.
ஒன்பது மணிக்கெல்லாம்
வடக்கு பார்த்த பின்சுவரின் செங்கல்
தோசைக்கல் ஏறும் பதத்துக்கு வந்துவிடும்.
நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு
அதில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தேன்.
முதலில் இடது கால்.
விரலிடுக்கு, கணுக்கால், வெடிப்பு.
"வலிச்சா சொல்லுங்க" என்றேன்
வார்டில் சொல்லும் அதே குரலில்,
என் குதிகாலிடம்.

மூட்லி ஆன்ட்டிக்கு
காலுறை பெரிதாக இருந்ததோ என்னவோ.

வலது கால் இன்னும் பாக்கி.