மிச்சம் இருநூற்றெழுபது

ஆட்டுக் கொத்து ஆயிரத்து நூற்றைம்பது,
பிளேன்ரீ எண்பது.
ஆயிரத்தைந்நூறை வாங்கிக்கொண்டு
காசாளர் மேசைக்குப் போயிருக்கிறான் குகதாசன்.
அவன் திரும்பி வருவதற்குள்
நான் ஒரு முடிவுக்கு வரவேண்டும்.

கொழும்பிலென்றால் பில்லிலேயே பத்து வீதம் போட்டுவிடுவார்கள்,
யோசனை மிச்சம்.
ரொறன்ரோ மச்சான் பதினெட்டு என்றான்,
குறைந்தால் முகத்தைச் சுளிப்பினமாம்.
போன கிழமை இதே மேசையில்
ஐயாயிரம் ஒன்றைக் கோப்பைக்குக் கீழே செருகிவிட்டு
எங்கள் எல்லாரையும் ஒருமுறை பார்த்தான்.
அப்பா ஐந்து சதமும் விட்டதில்லை:
"சாப்பாட்டுக்குத்தானே காசு குடுத்தனான்."

இங்கே இதற்குச் சந்தோசம் என்று பெயர்.
தேங்காய் பிடுங்க வருபவர் கேட்பார்,
கறண்ட் வயர் இழுக்க வருபவர் கேட்பார்,
பிரேத வண்டிக்காரரும் கேட்டார்,
"ஏதும் சந்தோசம் பார்த்துச் செய்யுங்கோ."
எவ்வளவு என்று ஒருவரும் சொன்னதில்லை.
வைத்துவிட்டுப் போனாலும்
அந்தத் தகரத்துக்குள் கொத்துகிறவனுக்குப் பங்கு உண்டோ,
பின்னால் கோப்பை கழுவுகிற மனுசிக்கு உண்டோ,
அதுவும் தெரியாது.

என் வேலை நிறுக்கிற வேலை.
ஆஸ்பத்திரி வீதி வங்கியில் அடகுப் பகுதி.
உரைகல்லில் உரசி, அசிட் ஒரு சொட்டு விட்டு,
தசம் இரண்டு தானத்துக்குத் தங்கம் நிறுப்பேன்.
இலக்கம் ஆடும் என்று ஃபானை நிற்பாட்டுவேன்.
மார்ச்சில் குகதாசன் வந்தான்.
ஒரு சோடி காப்பு.
பதினைந்து தசம் எட்டு ஆறு.
ஒன்று கொஞ்சம் நெளிந்திருந்தது.
"மனிசி சோப்புப் போட்டுக் கழட்டினவ, சேர்" என்றான்,
நான் கேட்காமலே.

ஆகவே எனக்குத் தெரியும்
அவனுக்கு எவ்வளவு கடன்,
எத்தனையாம் திகதி வட்டி,
பிந்தினால் எந்தக் கடிதம் வீட்டுக்குப் போகும்.
கடிதத்தில் கையெழுத்து என்னுடையது.
இன்றைக்கு அவன்
"சேர், உறைப்புக் கூடப் போடவோ?" என்று மட்டும் கேட்டான்,
என்னை வேறெங்கும் கண்டிராதவன் போல.
"அளவா" என்றேன்.

அளவா.

இருபது வைத்தால்
என்னைப் பற்றி அவன் நினைப்பது சரியாகிவிடும்.
ஐந்நூறு வைத்தால்
அந்த நெளிவை இன்னொருமுறை தடவிப் பார்ப்பது போல.
வந்த மிச்சத்தை அப்படியே விட்டு எழும்பினால்
கணக்குத் தெரியாதவன் மாதிரி நடக்கவேண்டும்.
எனக்கு அந்த நடை வராது.

சாசரில் வந்தது:
நூறு இரண்டு, ஐம்பது ஒன்று, இருபது ஒன்று,
ஒரு சிட்டிகை பெருஞ்சீரகம்.
நூறை விட்டேன். எழும்பினேன்.
திரும்பி வந்து ஐம்பதையும் விட்டேன்.
அவன் அடுத்த மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தான்,
துடைத்த இடத்தையே திரும்பவும்.
படியிறங்கும்போது கணக்கு வந்துவிட்டது:
பன்னிரண்டு தசம் இரண்டு வீதம்.

ஜூன் ஆறு.
வட்டி இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது.
கண்ணாடிக்குக் கீழால்
இரண்டாயிரத்து ஐந்நூறைத் தள்ளினான்.
நான் லாச்சியைத் திறக்க,
"மிச்சத்தை வையுங்கோ சேர்,
தேத்தண்ணி குடியுங்கோ."
சிரிக்கவில்லை. கோபமுமில்லை.
உறைப்புக் கேட்ட அதே குரல்.
நூற்றறுபது.
நான் வைத்ததைவிடப் பத்து ரூபாய் கூட.

வங்கியில் அப்படி வாங்க ஏலாது.
மேலதிகமாய் வந்த காசைப்
புத்தகத்தில் பதியவேண்டும், காரணத்தோடு.
காரணத்துக்கு விட்ட நிரல்
என் பெருவிரல் அகலம்.
பேனையை மூடிவிட்டுக்
காசை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

சவிரிமுத்து கதவைத் திறந்தார்.
ஆறு வருசமாய்த் திறக்கிறார்,
காலையில் ஒருக்கா, சோற்றுக்குப் போக ஒருக்கா,
வர ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா.
சைக்கிள் கே.கே.எஸ். வீதிப் பக்கம் திரும்பிவிட்டது.
கைக்குள் தாள்கள் வேர்த்து ஒட்டின.

அவர் கதவைப் பிடித்தபடியே நின்றார்,
நான் வெளியே போறனா
உள்ளுக்கு வாறனா என்று பார்த்து.