இருபத்து நான்கு டிகிரி

மூன்று மாத வாடகை பாக்கி வைத்துவிட்டு
டெரன்ஸ் இங் போய்விட்டான்.
அறையில் ஒரு கிட்டார் உறை, கிட்டார் இல்லை.
கட்டிலுக்கு அடியில்
இரண்டு பிளாஸ்டிக் பெட்டிகள்.

திறந்தேன். பல்லிகள்.
நம் சுவரில் ஓடுகிற சாதி இல்லை.
கண்ணுக்கு மேல் முள்முள்ளாய் இமைமயிர்,
இமைதான் கிடையாது.
கண்ணில் தூசி விழுந்தால்
நாக்கை நீட்டித் தானே துடைத்துக்கொள்ளும்.
அந்த நாக்கும் காய்ந்திருந்தது.

ஒன்றுக்கு வால் இல்லை.
மற்றதன் தாடை ரப்பர்போல் வளைந்து
மூட மாட்டேன் என்றது.

தவமலர் நிலைப்படியைத் தாண்டவில்லை.
"தலையில விழுந்தா என்ன பலன் தெரியுமில்ல?"
விழ வேண்டுமென்றால் முதலில் ஏற வேண்டும்.
இவை கண்ணாடியில் இரண்டு அங்குலம் ஏறி
வழுக்கிக்கொண்டு வந்தன.

ஏன் என்று எனக்குத் தெரிந்தது.
போன வருடம் சர்க்கரையில்
இடது கால் சுண்டுவிரலைக் கொடுத்தவன் நான்.
தினமும் விரலிடுக்கைப் பாருங்க அங்கிள்,
டார்ச் அடிச்சுப் பாருங்க என்று
நர்ஸ் சொல்லிக் கொடுத்திருந்தாள்.
அதே டார்ச்.
உரியாத பழந்தோல் ஒவ்வொரு விரலிலும்
மோதிரமாய் இறுகி
நுனி கறுத்துக் கிடந்தது.

ஈரத் துணி விரித்த டப்பாவில் இருபது நிமிடம்.
பிறகு பஞ்சுக்குச்சி.
இழுக்கக் கூடாது, உருட்ட வேண்டும்.
முந்நூறு பேரை ஏற்றி இறக்கிய கை
ஒரு விரலுக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டது.

சமையலறைத் தராசில் ஒன்று பத்தொன்பது கிராம்,
ஒன்று இருபத்தொன்று.
"ஏலக்காய் நிறுக்கிற தட்டு" என்றாள் தவமலர்.
மறுநாள் தட்டுக்கு மேல் விரிக்க
காகிதம் வெட்டி வைத்திருந்தாள்.

ஈசூன் பன்னிரண்டாவது மாடி,
மதியம் சுவர் தொட்டால் சுடும்.
இவற்றுக்கு இருபத்தெட்டைத் தாண்டினாலே ஆபத்து.
எங்கள் அறையில் மின்விசிறி,
பல்லிகளின் அறையில் ஏசி.
மின்கட்டணச் சீட்டை
ஐஸ்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
அதுதான் சொன்னது.

பப்பாளிக் கூழ், கால்சியம் தூள்,
கரண்டி நுனியில் ஒரு சொட்டு.
ஒன்பதாம் நாள் வாலில்லாதது நக்கியது.
வளைந்த தாடைக்காரிக்கு இன்னும் ஒரு வாரம்.
நடுவில் ஒரு நாள் அவள் அசையவே இல்லை.
அதிகாலை முதல் பேருந்து எனக்கு,
நிறுத்தம் நிறுத்தமாய்
செத்திருப்பாள், இல்லை, செத்திருப்பாள்.

வால் முளைக்குமா என்று தவமலர் கேட்டாள்.
நம் பல்லிக்கு முளைக்கும்.
இதற்கு ஒருமுறை போனால் போனதுதான்.
அவள் என் காலைப் பார்த்துவிட்டு
அடுப்பைப் பார்க்கப் போனாள்.

இந்த ஊரில் இவற்றை வளர்ப்பது குற்றம்.
தெரியும்.
அழைப்பு மணி அடிக்கும்போதெல்லாம் தெரியும்.
ஐம்பதாவது நாளோ என்னவோ,
தோல் வெளுத்தது. முழுசாய், சட்டை கழற்றுவதுபோல்
உரித்து, அதைத் தானே தின்றது.
பிறகு கண்ணாடியில் ஏறி
உச்சியில் ஒட்டிக்கொண்டு என்னைப் பார்த்தது.

முப்பத்து நான்கு கிராம். முப்பத்தொன்று.
தாடை கொஞ்சம் கோணல்தான், அது போகாது.

"வைத்தியம் முடிஞ்சுது.
இனி வெச்சிருந்தா அது வேற" என்றாள் தவமலர்.
தொலைபேசியை அவளே எடுத்துக் கொடுத்தாள்.

அதிகாரி ஷஃபிகா சின்னப் பெண்.
எத்தனை நாள்? அறுபத்து மூன்று.
நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதிக்கொண்டாள்.
அடுத்து என்ன என்று கேட்டேன்.
டாக்டர் பார்ப்பார் என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.
வெயிலில் வைக்காதீங்க என்று
லிஃப்ட் மூடும்வரை சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்றிரவு தலையணையைத் தூக்கிக்கொண்டு
தவமலர் அந்த அறைக்குப் போனாள்.
ஏசியை யாரும் அணைத்திருக்கவில்லை.
"இன்னிக்கு ஒரு நாள் மட்டும்" என்றாள்.

சமையலறையில் வீட்டுப் பல்லி சொல்லியது.
எந்தத் திசை என்று
அவள் கேட்கவில்லை.