இருநூற்று நாற்பது தகரம்

விமானம் இறங்கியபோது மழை.
மஞ்சள் காய்ச்சல் அட்டையைத் தலைகீழாய்ப் பிடித்து
நெடுநேரம் வாசித்தார் அதிகாரி.
எதற்கு வந்தீர்கள்?
சபையின் பணம், சபையின் கட்டடம்,
பார்வையிட, என்றேன்.
"பாருங்கள்."
ஓங்கிக் குத்தினார் முத்திரையை.
மேசையில் இருந்த தேநீர் தளும்பியது.

வெளியே முல்பா, சபை ஜீப்புடன்.
கைகுலுக்கி விடுபடும் நொடியில்
என் நடுவிரலைத் தன் விரலால் பற்றிச் சொடுக்கினான்.
லைபீரியாவில் சத்தம் வந்தால்தான்
கைகுலுக்கல் முடிந்ததாகக் கணக்கு.
எனக்கு வரவில்லை.
மூன்று முறை முயன்றோம், பெட்டி நனைய.
சரி, திரும்பிப் போவதற்குள் வந்துவிடும், என்றான்.

வொயின்ஜாமாவுக்குப் பதினான்கு மணி நேரம் என்றார்கள்.
இருபத்திரண்டு ஆனது.
அச்சு வரை செஞ்சேறு.
இறங்கித் தள்ளிய இடத்திலெல்லாம்
உதவிக்கு வந்தவர்களை நலமா என்று கேட்டேன்.
"கொஞ்சம் கொஞ்சமாய் முயல்கிறோம்."
அதே பதில், எல்லாரும்.
நலம் என்ற சொல்லை ஒருவரும்
முழு நோட்டாய் எடுத்துச் செலவழிக்கவில்லை.

பார்ங்கா தாண்டி ஒரு கயிறு.
சாலையின் குறுக்கே, இடுப்பு உயரத்தில்.
குழிகளில் மண் போட்டு நிரப்பிவிட்டுக்
கூலி கேட்டு நின்றார்கள் பையன்கள்.
பெரியவனுக்குப் பத்து வயது இருக்கும்.
முல்பா வானொலியை அணைத்தான்.
கண்ணாடியை இறக்கினான்.
இரண்டு கைகளையும் ஸ்டியரிங் மேல்
வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டான்.
பையன்கள் சிரித்தார்கள். காசு கொடுத்தேன்.
கயிறு தாழ்ந்தது.
அடுத்த எட்டு மைல் அவன் பேசவில்லை.
நான் எழுதிக்கொண்டேன்:
சாலைச் செலவு இருபது டாலர், ரசீது இல்லை.

சோர்சோருக்கு அப்பால் வெயில் வந்தது.
கரிந்த சுவர்களின் மேல் புத்தம்புதுத் தகரம்.
ஒரு வீட்டுக்கு மூன்று.
ஒரு வீட்டுக்கு ஒன்றே ஒன்று,
அதன் நிழலுக்குள் அளந்து வைத்தாற்போல்
ஒரு பாய், ஒரு சட்டி, கட்டிப்போட்ட ஆடு.
கண் கூசியது.
ஊர் எழுகிறது என்று மகிழ்ந்து
படம் எடுத்தேன், பதினேழு படம்.

தேவாலயத்துக்குக் கூரை இல்லை.
துளைகளை அடைத்த சிமென்ட் திட்டுகள்
அம்மைத் தழும்பாய்ச் சுவரெங்கும்.
பீடத்துக்கு மேலே மேகம்.
பொருளாளர் கர்மாய் அம்மையார்
பள்ளி நோட்டு ஒன்றை நீட்டினார்.
வரவு: தகரம் இருநூற்று நாற்பது.
இருப்பு: பதினொன்று.

திருடு போனதா?
இல்லை.
விற்றீர்களா?
அவர் என் சேறு படிந்த காலணியைப் பார்த்தார்.
"வந்த வழியில் தூங்கிவிட்டீர்களா?"

கினியிலிருந்து திரும்பிக்கொண்டே இருந்தார்களாம்,
ஜூன் மழையில்.
முதலில் ஒருத்தி, நிறைமாதம்,
ஆராதனை நடுவே வந்து ஒன்று கேட்டாளாம்.
ஒன்றுதானே.
அப்புறம் எங்கே நிறுத்துவது, நீங்களே சொல்லுங்கள்.
போதகர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

நோட்டில் பெயர்கள், பென்சிலில்.
லோர்ப்பு, ஒன்று. கொய்வு, இரண்டு.
அக்கோய், நான்கு.
இவருக்கு மட்டும் ஏன் நான்கு?
"பிள்ளைகள் நாலு பேர்."
பக்கத்தைத் திருப்பப் போனவர் நிறுத்தினார்.
"என் வீட்டைக் கொளுத்தியவன்.
சரி, முதலில் சாப்பிடுங்கள், சோறு ஆறுகிறது."

என் படிவத்தில் ஒரு கட்டம்:
பொருள் உரிய நோக்கத்துக்குப் பயன்பட்டதா?
ஆம், இல்லை, இரண்டே பெட்டி.
பேனாவை மூடி வைத்தேன்,
மை உலர்ந்துவிடும் என்று எனக்கே காரணம் சொல்லி.

இரவு மறுபடி மழை.
கர்மாய் வீட்டுக்கு ஓலைக் கூரை.
எங்கள் தலைக்கு மேல் சத்தமே இல்லை.
சுற்றிலும் இருட்டில்
மற்றவர் வீடுகள் அதிர்ந்தன.
இருநூற்று இருபத்தொன்பது வரவேண்டும்.
படுத்தபடியே எண்ணத் தொடங்கினேன்,
காது கொடுத்து, ஒவ்வொன்றாய்.
நாற்பது வரை வந்தேன்.