மாலைக்கண்

தேவகோட்டை ரஸ்தாவில் மூன்று பேர்
காசை நீட்டியபடியே நின்றிருக்கிறார்கள்.
நான் பார்க்கவில்லை.
"கண்டக்டருக்குத் திமிரு" என்றது ஒரு குரல்
இடது பக்கத்திலிருந்து.
இடது பக்கத்தில் எனக்கு ஆளே கிடையாது அப்போது.

பதினொரு வயதிலிருந்தே இருட்டினால் தடுமாற்றம்.
அதற்குப் பெயர் இருந்தது, மாலைக்கண்.
மருந்தும் இருந்தது, ஆட்டு ஈரல்.
வாரம் இரண்டு நாள் மிளகு தட்டிப்போட்டு
சட்டியை வழித்துத் தின்றேன்.
கண்ணாடிக் கடையில் மைனஸ் ஆறு என்றார்கள்,
மறு வருஷம் ஏழு.
பள்ளிக்கூட முகாமில் ஒரு பாட்டில் மாத்திரை.
பாப்பாவை விரித்து உள்ளே பார்க்க
யாருக்கும் நேரம் வாய்க்கவில்லை.

காரைக்குடி, செக்காலை ரோடு, மாடி.
டாக்டர் உமையாள் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு
மேலே பாருங்க, காதைப் பாருங்க, மூக்கைப் பாருங்க என்று
என்னைச் சுற்றி வந்தவர்
பேச்சை நிறுத்தினார்.
செக்கிங் ஏறியதும் வண்டிக்குள் விழுமே,
அந்த மாதிரி ஓர் அமைதி.

திரையில் என் கண்ணின் தரை.
ஆரஞ்சு நிறத்தில் வெளுத்த வட்டங்கள்,
ஒன்றை ஒன்று ஒட்டி, விளிம்பு நெளிந்து,
நடுவை வளைத்துக்கொண்டு.
"தொடுத்த மாதிரி இருக்கு பாருங்க சவரி.
படிச்சிருக்கேன். பார்க்கிறது இப்பத்தான்."
அவர் குரலில் கொஞ்சம் சந்தோஷம் இருந்தது,
உடனே அதற்கு வெட்கப்பட்டார்.
அதனால் அவரை எனக்குப் பிடித்துப்போனது.

மாலை என்றால் சாயங்காலம் என்றே இருந்துவிட்டேன்
இத்தனை நாளும்.

ஒரு கிண்ணத்துக்குள் தலையை வைத்து
வெளிச்சப் புள்ளி தெரிந்தால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள்.
நமக்குத் தெரிந்த வேலைதான்,
கை காட்டினால் விசில்.
முடிந்ததும் தாளைக் காட்டினார்கள்.
நடுவில் நின்றவர்களை மட்டும் ஏற்றியிருக்கிறேன்.
மிச்ச ஜனம்
இன்னும் இருட்டில் கை காட்டிக்கொண்டிருக்கிறது.

ரத்தம் பனிக்கட்டிப் பெட்டியில் பெங்களூர் போனது.
ஆர்னிதைன் என்று ஒன்றாம்,
இருக்க வேண்டியதைப்போல் பத்து மடங்கு.
"அம்மா உங்கப்பாவுக்கு என்ன முறை?"
"அத்தை மகள்."
எழுதிக்கொண்டார். எதுவும் சொல்லவில்லை.
"கூடப்பிறந்தவங்க?"
"தம்பி. நெல் லாரி ஓட்டுறான். ராத்திரி லோடு."
பேனா ஒரு நொடி நின்று, பிறகு எழுதியது.

பருப்பு கூடாது, கடலை கூடாது, முட்டை, மீன், கறி கூடாது.
பால் அளந்து. சோறு அளந்து.
பட்டியலில் மேலிருந்து மூன்றாவது ஈரல்.
அடகுக்கடையில் கழித்த மின்தராசு ஒன்றை
சலேத்மேரி எண்ணூறு ரூபாய்க்கு வாங்கி வந்தாள்.
நகை நிறுத்த தட்டில் என் சோறு.
இரண்டு பருக்கை கூடினால் எடுத்து
தன் தட்டில் போட்டுக்கொள்வாள்.
தெரு முழுக்க சோம்பும் கல்பாசியும் தாளிக்கும் மத்தியானத்தில்
எனக்குப் பூசணிக்காய்.
கோபத்தில் ஒருநாள் தராசைத் தள்ளிவிட்டேன்.
எடுத்து வைத்து, சுழியம் வரும்வரை காத்திருந்து,
மறுபடி நிறுத்தாள்.

மாத்திரையும் பத்தியமுமாய் மூன்று மாதம்.
பத்து ஆறாகியிருந்தது.
"போனது வராது. போறதை மெதுவாக்கலாம்."
பிரேக் கிடையாது, கியர் உண்டு
என்று புரிந்துகொண்டேன்.
டெப்போவில் உள்வேலை கொடுத்தார்கள்.
சில்லறை எண்ணுகிறேன், நேர் எதிரே வைத்து.

தம்பி ரத்தம் கொடுக்க மாட்டேன் என்கிறான்.
"எனக்கு நல்லாத்தான் தெரியுது.
உனக்கு வந்தா எனக்கும் வரணுமா?"
நேற்றும் அதேதான். லோடு இருக்கிறது என்று எழுந்தான்.
கரண்ட் இல்லை.
வாசலில் அவனும் எனக்குத் தெரியவில்லை, வண்டியும் தெரியவில்லை.
கேட்டது மட்டும்தான்,
செருப்பு எங்கே என்று
காலால் தரையைத் தடவும் சத்தம்.
நெடுநேரம்.
எனக்கு நன்றாகத் தெரிந்த சத்தம்.