எந்தப் பக்கம்

காட்பாடியில் ஏறியதும் மடியில் தாளை விரித்தேன்.
மருந்துச் சீட்டின் பின்பக்கம், வேறு தாள் அகப்படவில்லை.
அடியில் ஒரு கணு, அதிலிருந்து கோடுகள்,
கோடுகளிலிருந்து கோடுகள்.
சில்க் மில் வருவதற்குள்
பென்சிலுக்கு இடம் போதாமல் போயிற்று.

பக்கத்தில் சுபோல் மாஜி, புருலியாக்காரர்.
மகள் மாம்பிக்காக வேலூர் வருவது இது நாலாவது தடவை.
அதற்குள் பாதித் தமிழ் வந்திருந்தது.
'உங்க வம்சமா?' என்றார் தாளைக் காட்டி.
இல்லை என்று வாயெடுத்தேன்.
கிளை என்றால் சொந்தமும்தானே நம் மொழியில்;
தலையை எப்படியோ ஆட்டிவைத்தேன்.

'மேலே எங்க முடியுது?'
முடியாது.
'அப்ப, ஏதாவது ஒரு கிளை
அடியில இருந்து விடாம கடைசி வரைக்கும் போகுமா?'

பாலாற்றுப் பாலத்தில் லாரி ஒன்று மக்கர் பண்ண
பஸ் நின்றது.

நான் வரைந்தது எண்ணித் தீராத உயரம்.
எந்தத் தளத்தில் போய்ப் பார்த்தாலும் ஆள் உண்டு,
எண்ணிவிடக்கூடிய அளவு ஆட்கள்.
ஒவ்வொருவரும் பின்னங்களின் மேல் படிபடியாக ஏறியவர்,
தலைக்கு மேல் கொஞ்சம் இடம் விட்டே நிற்பவர்,
இன்னும் ஏறலாம் என்று.
அத்தனை தளத்தையும் தொட்டுப் போன கிளை மட்டும்
ஒன்றுகூட இல்லை.
மூன்று வரியில் நிறுவிவிடலாம்:
அவ்வளவு படிகளுக்குப் பின்னங்கள் போதா.

கீழே ஆறும் அப்படித்தான் கிடந்தது.
எங்கே தோண்டினாலும் ஊற்று,
கசக்கால் வெட்டிய இடமெல்லாம் ஈரம்.
மலையில் புறப்பட்டுக் கடல்வரை போன நீர் என்று
ஒரு சொட்டைக் காட்டச் சொன்னால்

அவர் காத்திருந்தார்.
மடியில் ஸ்கேன் உறை,
அதன் வாயில் ரப்பர் பேண்ட் மூன்று சுற்று.

தாளின் ஓரத்தில் வேறு மரம் போட்டேன், சின்னதாக.
கவைக்கு இரண்டே கிளை.
'இந்த மாதிரி மரம் முடிவில்லாம வளர்ந்தா
முடிவில்லாத கிளை ஒண்ணு கட்டாயம் இருக்கும்.
கவைக்குக் கவை,
எந்தப் பக்கம் மேல இன்னும் தீரலையோ
அந்தப் பக்கம் திரும்பணும். அவ்வளவுதான்.'

'எந்தப் பக்கம்னு எப்படித் தெரியும்?'

நிரூபணம் அதைச் சொல்வதில்லை.
உண்டு என்கிறது, போய்விடுகிறது.

லாரி நகர்ந்துவிட்டது. 'ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி'
என்று கண்டக்டர் தட்டும்போது
மாஜி அந்த ஓரத்தை மட்டும் கேட்டார்.
கிழித்துக் கொடுத்தேன்.
என் மாத்திரையின் பெயரில் பாதி
அவர் சட்டைப்பையில் இறங்கிப் போயிற்று.