விதிவிலக்கில் ஓர் எண்

குத்தாயிசியில் மழை. ரியோனி ஆறு பழுப்பாகப் போகிறது.
மல்ஹாசின் டயர் கடையில், ஜாக்கிகளுக்கு நடுவே
மடிக்கணினி வைக்க இடம் தேடி
கடைசியில் ஒரு லாரி டயரின் மேல் வைத்தேன்.

"மூன்றிலும் அது பேசணும்" என்றார்.
வாட்ஸ்அப்பில் டாக்சிக்காரர்கள்,
வைபரில் பள்ளி ஆசிரியைகள்,
மெசஞ்சரில், பழைய பி.எம்.டபிள்யூவை
வட்டமடித்தே தேய்க்கிற பையன்கள்.
மூன்று வாசலுக்கும் ஒரே வாய்.
அதைப் பொருத்தத்தான் போயிருந்தேன்.

கீறல் விழுந்த கைபேசியைத் திரைமுன் நீட்டினார்.
கறுப்பு வெள்ளைக் கட்டம் இரண்டு முறை பிடிபடவில்லை.
பிறகு கிரீஸ் கையைத் துடைத்து
அதே துணியால் கேமராவையும் துடைத்தார்.
எப்படியோ பிடித்துக்கொண்டது.

கடைக்கென்று தனி எண் வாங்குங்கள், சொன்னேன்தான்.
"இருபது வருஷமா இதே எண். ஊருக்கே மனப்பாடம்."

ஆகவே முதல் வாரம் அது எல்லாருக்கும் பதில் சொன்னது.
சாப்பிட எப்போது வருவாய் என்று
மனைவி நாத்தேலா கேட்டதற்கு,
"எந்த அளவு வேண்டும்? பதினான்கா, பதினைந்தா?"
பதினான்கு, சூடாக இருக்கிறது என்று
அவள் கச்சாபுரியைப் படமெடுத்து அனுப்பினாள்.
"மன்னிக்கவும், இந்த ரகம் தற்போது இருப்பில் இல்லை."

வியாழன் இரவு ஒன்று நாற்பது.
பதிவேட்டில் இருந்தபடியே:

— குளிர்கால டயர் இருக்கா?
— வணக்கம். இருக்கிறது. உங்கள் வண்டி எது?
— உங்களா? எப்போதிலிருந்து நான் உனக்கு 'நீங்கள்'?
— மன்னிக்கவும், புரியவில்லை. உங்கள் வண்டி எது?

பதினோரு நிமிடம் எதுவுமில்லை.

— அப்பாவோட நீவா.
— நீவாவுக்கு 175/80, பதினாறு அங்குலம்.
   நான்கு உள்ளன. யார் பெயரில் எழுதட்டும்?
— அவனுக்குத் தெரியும்.
— நன்றி. 'அவனுக்குத் தெரியும்' என்ற பெயரில்
   சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எழுதிவைத்தேன்.

மறுநாள் மல்ஹாஸ் அழைத்தார்.
மழையைப் பற்றிப் பேசினார்.
என் காரின் முன்சக்கரம் இடப்பக்கம் இழுக்கிறதே,
ஒருநாள் கொண்டுவா, என்றார்.
அப்புறம் குரலைத் தாழ்த்தி:
"ஒரே ஒரு எண்ணுக்கு மட்டும்
அது வாயை மூடிக்கொண்டிருக்குமா?"

காரணம் நான் கேட்கவில்லை.
கேட்காமலே நாத்தேலா சொன்னாள்:
வீடு விற்ற பணம். தம்பி அவ்தாந்தில்.
போத்தி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான்.
பதினோரு குளிர்காலம்.

ஒரு வரிதான் வேலை.
விதிவிலக்குப் பட்டியலில் அந்த எண்ணைச் சேர்த்தேன்.
அதற்குப்பின் அதில் என்ன வந்தது, என்ன போனது,
யார் எத்தனை முறை தட்டி எத்தனை முறை அழித்தார்
என்று என் பதிவேட்டில் இல்லை.
இல்லாமல் போகும்படி எழுதியது நான்தான்.
இருந்தும் அன்றிரவு இரண்டு முறை திறந்து பார்த்தேன்.

சனிக்கிழமை நான் அங்கே இல்லை.
சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன்.
பதினொன்று இருபதுக்குக் கைபேசி அதிர்ந்தது.
பிழை.
இருப்பில் நான்கு குறைந்திருக்கிறது,
175/80, பதினாறு அங்குலம்.
விலைக் கட்டத்தில் பூஜ்ஜியம்.

விலை பூஜ்ஜியமாக இருக்கக் கூடாது.
அப்படி ஒரு விதி எழுதியிருந்தேன்,
கடைப் பையன் தவறுதலாக அழுத்திவிடக் கூடாதென்று.

ஒரு கையில் மீன் பை.
மறு கையின் கட்டைவிரலால்
அந்த விதியைத் தேடி, கண்டுபிடித்து,
அங்கேயே நின்று அழித்தேன்.

மீன்காரி என் பணத்துக்காகக் காத்திருந்தாள்.